பிணைச்சலில் ஒரு மயிரிழை

கட்டுகஸ்தோட்டை
12 பெப்ரவரி 2024

அன்ட்ரூ,

நலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. உங்கள் செய்தி வந்தது. "இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன், கோவிச்சுக்காத." பதினாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்குப் போனில் ஒரு வரி. ஈஸ்டருக்கு வீட்டில் இருப்பேன் என்று சொன்னது நீங்கள்தானே? அது நான் கேட்டு வாங்கிய வாக்குக்கூட இல்லை.

உங்கள் நம்பரை அடைத்துவிட்டேன். போனில் பேசினால் நான் கத்துகிறேன். அறையில் ஆட்கள் இருப்பதால் நீங்கள் "ம்" என்கிறீர்கள். அந்த "ம்"முக்கு நான் இன்னும் கத்துகிறேன். இனிச் சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எழுதும்போது ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழ முடியாது.

இதைச் சொல்ல மட்டும் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. கடை விஷயம் ஒன்று இருக்கிறது. துவக்கு திருத்துமிடம் என்ற பலகையில் இன்னும் நம் இருவர் பெயரும் இருப்பதால் உங்களையும் கேட்க வேண்டியிருக்கிறது.

மடவளை சாஹுல் ஹமீது நானா தன் துவக்கைக் கொண்டுவந்தார். குழல்கள் பக்கத்தில் பக்கமாக இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்குமே, அந்த இத்தாலித் துப்பாக்கி. நீங்கள் ஒரு தடவை ஸ்பிரிங் மாற்றிக் கொடுத்தது.

"காட்டுப் பண்டி வந்து மரவள்ளிய எல்லாம் கிளறிப் போட்டுட்டுப் போகுது மகள். நான் அத திங்கப் போறேனா? வெரட்டத்தானே வேணும். இது என்னண்டா கெழவன்ட பல்லு மாதிரி ஆடுது" என்றார்.

ஆடத்தான் செய்கிறது. குழல்களுக்கு அடியில் வருகிற முன்கட்டை மாட்டியிருக்கும்வரை அது குழல்களை இழுத்துப் பிடித்து ஆட்டத்தை மறைக்கிறது. கழற்றிவிட்டு மூடி, பிடியைப் பிடித்து உலுக்கினால் டக் டக் என்று கேட்கிறது. ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். குழல்களின் பின்முகத்துக்கும் அது போய் ஒட்ட வேண்டிய இரும்புச் சுவருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. மயிரிழைதான், ஆனால் தெரிகிறது. சிகரெட் தாளை வைத்து மூடினால் அது வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. துவக்கு மடிந்து திறக்கிற பிணைச்சல் பின் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. அதைக் கவ்வுகிற கொக்கி வட்டம் போய் முட்டை வடிவமாகிவிட்டது. மூடியபின் பிடித்து நிற்கிற பூட்டு நாக்கின் விளிம்பும் மழுங்கியிருக்கிறது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் களிம்பும் மணலும். நானா திறக்கும்போது குழலைக் கையால் தாங்குவதில்லையாம், தொப்பென்று விழ விடுவாராம். மூடும்போது ஓங்கி அடிப்பாராம். அதைப் பெருமையாகச் சொல்கிறார்.

அளவு கூடிய பின் ஒன்றை லேத்தில் கடைந்து, கொக்கியை அதற்கேற்ப வட்டமாக்கி, புகைக்கரி பூசிப் பூசிப் பொருத்த வேண்டும் என்று நினைக்கிறேன். நாக்கையும் சேர்த்துத்தான். ஒருவர் பிடிக்க ஒருவர் தேய்க்கிற வேலை. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற உங்கள் வைஸைச் சாக்கால் மூடி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் கூரைத் தகரம் ஒழுகுகிறது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கடை விஷயம் மட்டும் எழுதினாலும் போதும்.

ஷாமலா


துபாய்
3 மார்ச் 2024

ஷாமலாவுக்கு,

உன் கடிதத்தைத் தபால் பெட்டியிலிருந்து ரமேஸ்தான் எடுத்து வந்தான். எனக்கு மேல்கட்டிலில் படுக்கிற கம்பளைக்காரன், எங்கள் துவக்குச் சுடும் கிளப்பில், குறிபார்த்துச் சுடத் தட்டு எறிகிற இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன். "என்ன அண்ணே, வக்கீல் கடிதமா?" என்றான். அறையே சிரித்தது. அந்தக் கூட்டத்தில் கடிதம் வந்த ஆள் நான் ஒருவன்தான்.

அதை ஒரு வாரம் வைத்திருந்தேன். இங்கே ஒரு துவக்கு ஒரு மாதத்தில் சுடுகிற வெடியை நம் ஊர்த் துவக்கு ஆயுள் முழுக்கச் சுடாது. எல்லாம் மேல்கீழ்க் குழல்தான். மணல் எல்லாவற்றுக்குள்ளும் போகிறது. கிரீஸோடு கலந்து அரம் மாதிரி பிணைச்சலைத் தின்கிறது. ஆனாலும் கவலை இல்லை. பின் தேய்ந்தால் அடுத்த அளவுப் பின் பெட்டியில் இருக்கிறது, நம்பர் போட்டு. பழையதைத் தட்டி எடு, புதியதைப் போடு, மூடிப் பார், அனுப்பு. அரத்தைக் கையில் எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

ஞாயிறு பின்னேரம் உறுப்பினர்கள் காரில் போன பிறகு மைதானம் முழுக்க ஆரஞ்சு நிறத் தட்டுகளின் உடைசல் கிடக்கும். ஏதோ பெரிய கல்யாணம் முடிந்து எல்லாரும் போய்விட்ட வீடு மாதிரி இருக்கும். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன். அறைக்குப் போனால் ஒவ்வொருவனும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தன் வீட்டோடு பேசிக்கொண்டிருப்பான். என் நம்பரைத்தான் நீ அடைத்துவிட்டாயே.

ஹமீது நானா விஷயம். அவர் வருடத்துக்கு எத்தனை வெடி வைக்கப் போகிறார்? கொக்கிக்குள் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை வளைத்து வைத்து மூடிக் கொடு. ஆட்டம் நிற்கும். ஒரு பருவத்துக்குத் தாங்கும். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுப் புதிதாகச் செய்யப் போகாதே. கைவேலையில் ஒரு மயிரிழை பிசகினாலும் அப்புறம் துவக்கு மூடாது.

வேலை ஒப்பந்தத்தை ஏன் நீட்டினேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். இங்கே வேலை பழகிவிட்டது. அவ்வளவுதான்.

அன்ட்ரூ


கட்டுகஸ்தோட்டை
24 மார்ச் 2024

அன்ட்ரூ,

இன்று குருத்தோலை ஞாயிறு. கோயிலிலிருந்து வந்து நேரே இதை எழுத உட்கார்ந்தேன்.

ஹமீது நானா நேற்று வந்தார். வந்ததும், "தம்பி என்ன சொல்றார்?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"தகடு வெச்சா ஒரு பருவத்துக்கு நிக்கும்னு எழுதியிருக்கார் நானா. எனக்கு அதுல சம்மதம் இல்ல. பூட்டு நாக்கும் தேஞ்சிருக்கு. தகடு நழுவிச்சின்னா வெடிக்கிறப்பவே தெறந்துக்கும்."

"ஒரு பருவம் போதுமே மகள். அதுக்குப் பொறகு அல்லாஹ் ஈக்கான்."

"நான் வெக்க மாட்டேன் நானா. புதுப் பின் போட்டுத் தர்றேன், கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பேன். பண்டி பொறுக்குமா?"

அவர் கோபிக்கவில்லை. நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார். துவக்கையும் பழைய சாரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரோ ஒருவர் தகடு வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அவர் பஸ் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் இருந்திருந்தால் ஒருவர் பேசப் பேச மற்றவர் துவக்கை உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கலாம்.

உங்களுக்கு வேலை பழகிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பழகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. போன கிழமை பேராதனைக்குப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், "நீங்க எங்க எறங்கணும்?" என்று கேட்டாள். அன்றைக்கு என்னிடம் யாரும் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். எங்கே இறங்க வேண்டும், ஏன் போகிறேன், திரும்பி எந்த பஸ்ஸில் வருவேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாவம், ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஷாமலா


துபாய்
14 ஏப்ரல் 2024

ஷாமலா,

துவக்கை எப்படித் திருத்துவது என்பது உன் முடிவு. ஆனால் வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, நான் அங்கே இல்லாததுதான் காரணம் என்று எழுதாதே. நீ முதலிலிருந்தே பிடிவாதக்காரி. உன் பின் உருண்டு திரண்டு வருவதற்குள் அவர் மரவள்ளி முழுக்கப் போய்விடும்.

ஈஸ்டர் பூசைக்குப் போனேன். மலையாளப் பூசை. ஆமென் மட்டும் எனக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருந்தது.

ரமேஸ் லீவில் ஊருக்கு வருகிறான். உனக்கு இங்கத்தைய நல்ல கிரீஸ் ஒரு டியூப் கொடுத்து அனுப்புகிறேன். பிணைச்சலுக்கு அதைவிட நல்லது கிடையாது. அவனை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடு, கண்டதையும் உளறுவான்.

அன்ட்ரூ


கட்டுகஸ்தோட்டை
6 மே 2024

அன்ட்ரூ,

இரண்டு விஷயம். முதலாவது, ஹமீது நானாவுக்கு அடிபட்டுவிட்டது.

அவர் மனைவி போன் பண்ணினார். அழுததில் பாதி விளங்கவில்லை. உடனே பேராதனை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வலது கண்ணில் பெரிய கட்டு. புருவம் கருகிப்போய், கன்னத்தில் மிளகு தூவினாற்போல் கரும்புள்ளிகள். பொழுது சாயும் நேரத்தில் மரவள்ளிக்குள் சத்தம் கேட்டுச் சுட்டிருக்கிறார். முதல் வெடி சரியாகப் போயிருக்கிறது. இரண்டாவதில் துவக்கு கையிலேயே திறந்துகொண்டது. புகையும் நெருப்பும் பின்னால் முகத்துக்கு வந்துவிட்டன. வைத்த தகடு எங்கேயோ தெறித்துப் போய்விட்டது, கிடைக்கவில்லை. பார்வை போகாது, கொஞ்ச காலத்துக்கு மங்கலாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபிறகுதான் அவர் கட்டிலுக்குக் கிட்டப் போனேன்.

"எண்ட பிழைதான் மகள். நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க" என்றார் நானா. பக்கத்தில் அவர் மனைவி என்னைப் பார்க்காமல் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். தகட்டைப் பற்றி நானாவுக்கு யார் சொன்னது? நான்தான் சொன்னேன். எனக்கு யார் எழுதியது? இதைக் குற்றம் சாட்ட எழுதவில்லை. நாம் இருவரும் சேர்ந்து ஒரு மனிதரை அந்தக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறோம்.

இரண்டாவது, ரமேஸ் வந்தான். வாசலில் நிறுத்தச் சொன்னீர்கள். வெயிலில் வந்த பிள்ளையை அப்படி நிறுத்த முடியுமா? உள்ளே வந்து, சாப்பிட்டு, கிரீஸைக் கொடுத்துவிட்டு, "அக்கா, நான் இல்லாத நாள்ல அண்ணனுக்கு யாரு பட்டன் போட்டு விடுறதுன்னுதான் யோசனையா இருக்கு" என்றான்.

"என்ன பட்டன்?" என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அக்காவுக்குத் தெரியாதா? அண்ணனுக்குக் கை நடுங்குதே. போன வருசத்துல இருந்தே. தேத்தண்ணிக் கோப்பைய ரெண்டு கையாலதான் புடிக்கிறாரு."

அவன் போனபின் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். முதலில் ஆத்திரம்தான் வந்தது. அப்புறம் உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை நினைத்துப் பார்த்தேன். கையால் செய்யப் போகாதே, மயிரிழை பிசகினால் மூடாது என்று எழுதியிருந்தீர்கள். ஹமீது நானாவின் துவக்கை மனதில் வைத்து நீங்கள் தகடு போதும் என்று சொல்லவில்லை. உங்கள் கையை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறீர்கள்.

இதை நீங்கள் என்னிடம் சொல்லியிருக்கலாம், அன்ட்ரூ.

ஷாமலா


துபாய்
30 மே 2024

ஷாமலா,

இதை மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். எழுத்து உருண்டையாக இல்லாமல் கோழி நடந்ததுபோல் இருந்தால் இனிக் காரணம் உனக்குத் தெரியும். இதற்கு முந்திய கடிதங்களை மெதுவாக, ஒரு பலகையில் மணிக்கட்டை அழுத்திக்கொண்டு எழுதினேன்.

ஹமீது நானாவின் கண்ணைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. துவக்கைக் கண்ணால் பார்க்காமல் சொல்லியிருக்கக் கூடாது. நாக்கும் மழுங்கியிருக்கிறது என்று நீ தெளிவாக எழுதியிருந்தாய். நான் அதைப் படித்தும் படிக்காததுபோல் விட்டேன். நீ சொன்னதுதான் சரி. நான் என் கையால் முடியக்கூடியதைத்தான் யோசித்தேன். தகடு வைப்பது இன்னும் என்னால் முடியும் என்று நினைத்திருந்தேன்.

இங்கே வருவதற்கு முந்திய மாரியில் தொடங்கியது. வலது கைப் பெருவிரலில். யாரோ உள்ளேயிருந்து தட்டுவது போல. ஒரு திருகாணியின் தலையைச் சிதைத்துவிட்டேன். நீ அதைப் பார்த்து, "திருப்புளி தேஞ்சு போச்சு, புதுசு எடுக்கணும்" என்றாய். நான் ஆமாம் என்றேன். உன் பக்கத்து வைஸில் நின்றுகொண்டு, உன் அரம் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, என் அரத்தை எடுக்கப் பயந்து நிற்கிற ஒரு மனிதனாக என்னால் இருக்க முடியவில்லை. பெட்டியில் நம்பர் போட்ட பாகங்கள் இருக்கிற இடத்துக்கு வந்தேன்.

இங்கே நரம்பு டாக்டரிடம் போனேன். பார்க்கின்சன் என்றார். என் வயதில் குறைவாகத்தான் வருமாம், ஆனால் வருமாம். மாத்திரை தந்திருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை, குறையாது, கூடத்தான் செய்யும் என்றார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். வெளியே வந்து யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. டாக்சிக்காரனிடம் சொன்னேன். அவனுக்கு நான் பேசிய மொழி விளங்கவில்லை.

இப்போது பாகம் மாற்றுகிற வேலையையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். துவக்குகளைத் துடைத்து அடுக்கி வைக்கிறேன். பிணைச்சலில் ஒரு பொட்டுக் கிரீஸ் தடவி, திறந்து மூடி, அடுத்தது. இதையும் எத்தனை நாளைக்கு விடுவார்களோ.

நீட்டியது ஏன் என்று இப்போது நீ கேட்காமலே சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால் நீ வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதை நினைக்கத்தான் முடியவில்லை. அந்தப் பத்திரத்தில் போட்ட கையெழுத்தும் கோணலாகத்தான் விழுந்தது.

அன்ட்ரூ


கட்டுகஸ்தோட்டை
18 ஜூன் 2024

அன்ட்ரூ,

ஹமீது நானா வீட்டுக்கு வந்துவிட்டார். பொலிஸ் விசாரணை முடிந்து துவக்கு நம் கடைக்கு வந்திருக்கிறது. அவரே கொண்டுவந்து மேசையில் வைத்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "எவ்வளவு காலம் எடுத்தாலும் சரி மகள்" என்றார். உங்கள் கையைப் பற்றி அவரிடம் சொன்னேன். கோபிக்காதீர்கள், சொல்லாமல் இருக்க முடியவில்லை. "தம்பிய வரச் சொல்லுங்க. கண்ணு தெரியாதவனும் கை நடுங்குறவனும் ஒண்டா ஒக்காந்து தேத்தண்ணி குடிக்கலாம்" என்றார்.

புதுப் பின் கடைந்தாயிற்று. இனிப் பொருத்த வேண்டும். நான் தேய்க்கத் தேய்க்க, எங்கே கரி ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அதற்குக் கை தேவையில்லை.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். மூன்று நாளாக அடிக்கிறேன். "தொடர்பில் இல்லை" என்கிறது.

ஷாமலா


நீர்கொழும்பு
19 ஆகஸ்ட் 2024

ஷாமலா,

முத்திரையைப் பார்த்திருப்பாய். நான் இலங்கையில்தான் இருக்கிறேன். ஜூலை முதல் வாரத்தில் வந்தேன். கிளப்பில் மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். கேக்கெல்லாம் வெட்டினார்கள். கேக் வெட்ட என் கையில் கத்தியைக் கொடுத்தபோது ரமேஸ் குறுக்கே வந்து, "அண்ணன் சார்பா நான் வெட்டுறேன்" என்று வாங்கிக்கொண்டான்.

ஆட்கள் பேசப் பேச எனக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை. ஜூன் மாதத்திலேயே போனை அணைத்துவிட்டேன், வரும்போது அந்த சிம்மை அங்கேயே போட்டுவிட்டேன். உன் ஜூன் மாதக் கடிதத்தை ரமேஸ்தான் பின்னால் இந்த விலாசத்துக்கு அனுப்பிவைத்தான். விமான நிலையத்திலிருந்து கண்டி பஸ் ஏற வந்தவன் நீர்கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன். தவறி ஏறவில்லை, பலகையைப் பார்த்துத்தான் ஏறினேன். கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டின் பின்னறையில் இருக்கிறேன். வீட்டுக்காரர் மீன்காரர், சிங்களவர், நான் ஏதோ பெரிய துக்கத்தில் இருப்பதாக நினைத்துக் காலையில் ஒரு மீனைக் கதவடியில் வைத்துவிட்டுப் போகிறார். நான் அதைச் சுத்தம் பண்ணப் படுகிற பாட்டைப் பார்த்த நாளிலிருந்து பொரித்தே வைத்துவிட்டுப் போகிறார்.

உனக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு எழுதாமல் இருப்பது சரியில்லை என்று எழுதுகிறேன். என்னை வா என்று சொல்லாதே. சொன்னால் நான் பதில் யோசிக்க வேண்டியிருக்கும்.

அன்ட்ரூ


கட்டுகஸ்தோட்டை
23 ஆகஸ்ட் 2024

அன்ட்ரூ,

வா என்று நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஹமீது நானாவின் துவக்கு முடிந்துவிட்டது. ஆள் வரவில்லை, ஆதலால் நானே செய்தேன். குப்பி விளக்கின் கரியைப் பிடித்துப் பூசி, மூடித் திறந்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, திரும்ப மேசைக்கு வந்து, கரி ஒட்டின இடத்தை மட்டும் ஒரு இழுப்பு, மறுபடியும் கரி. முழங்காலுக்கு இடையில் குழலைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். ஒரு தடவை எரிச்சலில் அரத்தை வீசி எறிந்துவிட்டு அழுதேன், எழுந்து போய் எடுத்துவந்து மறுபடியும் தொடங்கினேன். புதன்கிழமை பின்முகம் முழுக்க ஒரே சீராகக் கரி ஒட்டி வந்தது. முன்கட்டை இல்லாமல் உலுக்கினேன். சத்தமே இல்லை. நாக்கும் நன்றாகப் பிடிக்கிறது. டயரில் கட்டி, தூரத்திலிருந்து விசையைக் கயிற்றால் இழுத்துச் சுட்டும் பார்த்தாயிற்று.

இவ்வளவும் முடிந்து நிமிர்ந்தபோது காட்ட ஆள் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது, வேலை இல்லை.

31ஆம் திகதி சனிக்கிழமை காலை கொழும்பிலிருந்து வருகிற பதுளை ரயில் பேராதனைச் சந்தியில் நிற்கும்போது நான் மேடையில் இருப்பேன். எனக்கு அங்கே வேறு வேலை எதுவும் இல்லை. நீங்கள் வந்தால் வந்தீர்கள்.

ஷாமலா


கம்பளை
2 செப்டம்பர் 2024

ஷாமலா,

நான் அந்த ரயிலில் இருந்தேன்.

நீ மஞ்சள் குடையைச் சுருக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய். மெலிந்துவிட்டாய். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு பின்னாலிருந்து வந்தாய். என் பெட்டி முன்னால். நான் எழுந்து பையை எடுத்தேன். கை ஆடியதில் பையின் வார் பக்கத்து இருக்கையில் டக டக என்று அடித்தது. எதிரில் இருந்த அம்மா, "தூக்கித் தரவாங்க?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் அதை நம்பாமல் எழுந்தார். நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. நீ இன்னும் இரண்டு பெட்டி தள்ளித்தான் இருந்தாய். உன்னைக் கடந்து போகவில்லை, உன்னிடமிருந்து விலகிப் போனேன். நீ ரயிலின் வாலைப் பார்த்துக்கொண்டு நின்றது வளைவு வரைக்கும் தெரிந்தது.

குதித்திருக்கலாம் என்று எழுத மாட்டேன். அப்படி நினைக்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

கம்பளையில் இறங்கி ரமேஸின் வீட்டைத் தேடிப் போனேன். அவன் இன்னும் துபாயில்தான், அவன் அம்மா பரிமளம் அக்கா மட்டும் இருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. மகனின் அறையைத் திறந்துவிட்டார். விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். எதற்கு எழுதுகிறேன் என்று கேட்காதே.

பின்னைப் பொருத்தியதைப் பற்றி நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முழங்காலுக்கு இடையில் குழலைப் பிடித்து அந்த வேலையைச் செய்ய எனக்கு நல்ல கை இருந்தபோதுகூட முடிந்திருக்காது.

அன்ட்ரூ


கம்பளை
7 செப்டம்பர் 2024

அன்ட்ரூ,

இதைப் பரிமளம் அக்கா வீட்டு முன்னறையில் இருந்து எழுதுகிறேன். தாள் அக்காவுடையது.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. எழுதி எழுதி நாம் ஒருவரிடம் ஒருவர் நல்லபடியாகப் பேசப் பழகிவிட்டோம். ஆனால் நான் ஒரு வீட்டிலும் நீங்கள் இன்னொரு வீட்டிலும் இருந்துகொண்டு பேசுகிறோம். இன்று காலை ஹமீது நானா துவக்கை வாங்க வந்தார். முன்கட்டையைக் கழற்றித் தானே உலுக்கிப் பார்த்தார். காதில் வைத்து உலுக்கினார். திறக்கும்போது கையால் தாங்க வேண்டும், துடைத்ததும் பிணைச்சலில் ஒரு பொட்டுக் கிரீஸ் என்று சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் அனுப்பிய டியூபையே கொடுத்துவிட்டேன். போகும்போது, "தம்பி எங்க ஈக்கார்?" என்றார். கம்பளையில் என்றேன். "கம்பளைன்டா இந்தா ஈக்கிற எடம். அப்ப ஏன் மகள் இங்க ஈக்கிறீங்க?" என்றார். அவர் போனதும் கடையையும் வீட்டையும் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

அக்கா கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்கதானே ஷாமலா? தம்பி இப்பதாம்மா கெளம்பிப் போனாரு. கண்டிக்கு, ஒங்க வீட்டுக்குத்தான் போறேன்னாரு. நான்தான் சட்டையத் தேச்சுக் குடுத்து, பட்டனும் போட்டு விட்டேன்."

"பை எடுத்துட்டுப் போனாரா அக்கா?"

"ஆமா, எல்லாத்தையும் அடுக்கித்தான் எடுத்துட்டுப் போனாரு. போனத்தான் மறந்துட்டாரு. அந்தா கட்டில்ல கெடக்கு."

எங்கேயோ வழியில் உங்கள் பஸ்ஸும் என் பஸ்ஸும் ஒன்றையொன்று கடந்திருக்கின்றன.

இப்போது நீங்கள் நம் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பீர்கள். பூட்டியிருக்கும். உங்களை எனக்குத் தெரியும். அந்தப் பூட்டை என் பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் இங்கேயே திரும்பி வந்துவிடுவீர்கள். அதற்காகத்தான் இதை எழுதி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். பூட்டு பதில் இல்லை. நான் உங்களைத் தேடி வந்திருந்தேன், அதனால் பூட்டியிருந்தது.

நான் உடனே திரும்புகிறேன். நீங்கள் வாசலில் காத்திருந்தால் நல்லது. இல்லாமல் இங்கே வந்துவிட்டீர்கள் என்றால் இனி எங்கேயும் நகராதீர்கள், வீட்டில் ஆளைக் காணவில்லையென்றால் நான் மறுபடியும் பஸ் ஏறி வருவேன். அக்கா கூடுதலாகத்தான் அரிசி போட்டிருக்கிறார்.

பஸ் ஹோர்ன் அடிக்கிறது. இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கவே நேராமல் போக வேண்டும்.

ஷாமலா